டகாயாசு நோயும் தாய்மைப்பேறும்: எந்தக் கையில் அழுத்தம் பார்ப்பது?

டகாயாசு நோய் என்பது இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியையும் அதிலிருந்து பிரியும் பெரிய கிளைத் தமனிகளையும் தாக்கும் அரிய அழற்சி நோயாகும். உலகளவில் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ ஓரிருவருக்கே இது புதிதாகத் தோன்றுகிறது. எனினும் ஜப்பான், இந்தியா, தென்கிழக்கு ஆசிய நாடுகள், மெக்சிகோ ஆகியவற்றில் பிற பகுதிகளைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. நோயாளிகளுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கும் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்னரே நோய் தொடங்கிவிடுகிறது. ஆகவே, இந்நோய் உள்ள பெண்களும் அவர்தம் குடும்பத்தாரும் எங்களிடம் முதலில் கேட்கும் வினாக்களுள் ஒன்று, "குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?" என்பதே.

பெரும்பாலோர்க்கு எங்கள் விடை, "ஆம், பெற்றுக்கொள்ளலாம்" என்பதுதான். ஆனால் அந்த விடையோடு இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே கூறுகிறோம். ஒன்று, கருத்தரிப்பதற்கு முன்னரே திட்டமிட வேண்டும். மற்றொன்று, இரத்த அழுத்தத்தைச் சரியான உறுப்பில் அளக்க வேண்டும். முதலாவதைப் பலரும் அறிவர். இரண்டாவதைக் குடும்பத்தார் மட்டுமன்றி, இந்நோயாளியை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவப் பணியாளரும் அறியாதிருக்கக்கூடும். எனவே அதனைச் சற்று விரிவாக விளக்குகிறோம்.

நோயின் இயல்பு

1908ஆம் ஆண்டில் மிக்கிட்டோ டகாயாசு என்னும் ஜப்பானியக் கண் மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் மாலைபோல் வளைந்து பின்னியிருந்ததைக் குறிப்பிட்டு எழுதினார். அதே போன்ற கண் மாற்றம் கொண்ட வேறு நோயாளிகளுக்குக் கையில் நாடித்துடிப்பு இல்லை என்பதை உடனிருந்த மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். "நாடியற்ற நோய்" என்ற பெயரும் இதற்கு இவ்வாறே வழங்கலாயிற்று.

நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், இந்நோயில் தமனிகளின் சுவரையே பகையாகக் கருதித் தாக்குகிறது. தொடக்கத்தில் காய்ச்சல், உடற்சோர்வு, எடைக்குறைவு ஆகியன தோன்றலாம். அழற்சி நீடிக்கும்போது தமனியின் சுவர் தடித்து, உட்புறம் குறுகுகிறது. சில இடங்களில் முற்றிலும் அடைபடுகிறது. வேறு சில இடங்களில் சுவர் நலிந்து வீங்குகிறது. கைக்குச் செல்லும் தமனி குறுகினால், துணி துவைக்கும்போதும் மாவு பிசையும்போதும் கை விரைவில் சோர்ந்து வலிக்கும். கழுத்துத் தமனி குறுகினால் தலைச்சுற்றல் வரும். சிறுநீரகத் தமனி குறுகினால் இரத்த அழுத்தம் கடுமையாக உயரும்.

இது தொற்றுநோயன்று. தாயிடமிருந்து பிள்ளைக்கு நேரடியாக வந்து சேரும் நோயுமன்று.

அளவு பொய்க்கும் இடம்

ஏரி நிரம்பி வழிந்தாலும், இடையில் தூர்ந்துபோன வாய்க்காலின் கடைமடையில் நீர் சொட்டுச் சொட்டாகவே வரும். கடைமடையைப் பார்த்துவிட்டு ஏரியில் நீரில்லை என்று ஒருவர் கூறினால், அது எவ்வளவு பிழையோ அவ்வளவு பிழை, குறுகிய தமனி உள்ள கையில் இரத்த அழுத்தத்தை அளந்துவிட்டு அழுத்தம் இயல்பாக இருக்கிறது என்பது.

காட்டாக, ஒரு பெண்ணின் இடக்கைக்குச் செல்லும் தமனி குறுகியுள்ளது எனக் கொள்வோம். இடக்கையில் 110/70 என்று கருவி காட்டலாம். அதே வேளையில் வலக்கையில் 170/100 இருக்கலாம். அவருடைய மூளையும் இதயமும் சிறுநீரகமும் தாங்கிக்கொண்டிருப்பது இரண்டாவது அழுத்தத்தையே. கருவியில் பழுதில்லை; அளந்தவரிடமும் பழுதில்லை. அளந்த இடமே பொருந்தாத இடம்.

இதனால்தான் டகாயாசு நோயாளி ஒவ்வொருவருக்கும் இரு கைகளிலும் இரு கால்களிலும் அழுத்தம் அளந்து, ஸ்கேன் படங்களோடு ஒப்பிட்டு, எந்த உறுப்பின் அளவை நம்பலாம் என்று முதலிலேயே முடிவு செய்கிறோம். ஒரு கைத் தமனி மட்டும் குறுகியிருந்தால் மறு கையில் அளக்கலாம். இரு கைகளும் பாதிக்கப்பட்டிருந்தால், நோயாளியைப் படுக்க வைத்து, தொடையில் அகலமான பட்டையைக் கட்டி அளக்க வேண்டியிருக்கும். காலில் அழுத்தம் இயல்பாகவே கையைவிடச் சற்று உயர்ந்திருக்கும் என்பதால், அவருக்குரிய எல்லையை மருத்துவரே குறித்துத் தருவார். நெஞ்சிலோ வயிற்றிலோ பெருந்தமனி குறுகியிருந்தால், கால்களின் அளவும் பொய்க்கும். நான்கு உறுப்புகளும் நம்பத்தகாத சிலருக்கு, குழாய் செலுத்திப் பெருந்தமனியிலேயே ஒருமுறை அழுத்தம் அளந்து, உறுப்பில் கிடைக்கும் அளவோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்கிறோம். இதயச் சுவரின் தடிப்பு, விழித்திரையின் நிலை, சிறுநீரில் வெளியேறும் புரதம் ஆகியவையும் உண்மை நிலையை உணர்த்தும்.

கர்ப்ப காலத்தில் இது ஏன் இன்னும் இன்றியமையாததாகிறது? கர்ப்பிணியின் உடலில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் அதற்கேற்ப மிகுதியாக உழைக்கிறது. குறுகிய தமனிகளின் வழியே இந்தக் கூடுதல் இரத்தம் செல்லும்போது அழுத்தம் உயர்கிறது. டகாயாசு நோய் கர்ப்பத்தால் பெரும்பாலும் தீவிரமடைவதில்லை. தாய்க்கும் சேய்க்கும் நேரும் இடர்களில் பெரும்பகுதி, அழற்சியால் நேரடியாக வருவதன்று. கட்டுப்படாத இரத்த அழுத்தத்தால் வருவது. பிரீ-எக்லாம்ப்சியா என்னும் கர்ப்பகால அழுத்தக் கோளாறு, கருவின் வளர்ச்சிக் குறைவு, குறைமாதப் பேறு, இதயச் செயலிழப்பு, மூளையில் இரத்தக் கசிவு ஆகியன அவற்றுள் சில. மறைந்திருக்கும் அழுத்தத்தை வெளிக்கொணர்ந்தால் இவற்றுள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

கருத்தரிக்கும் முன்

குறைந்தது ஆறு மாதங்களேனும் நோய் அடங்கியிருந்த பின்னர்க் கருத்தரிப்பது நன்று. நோய் அடங்கியுள்ளதா என்பதைக் குருதிப் பரிசோதனையை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை இயல்பாக இருக்கும்போதே தமனியில் அழற்சி தொடர்வதும் உண்டு. ஆகவே எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஆஞ்சியோகிராம், எக்கோ ஆகியவற்றைக் கருத்தரிக்கும் முன்னரே செய்து முடிக்கிறோம். கதிர்வீச்சும் சில சாயமருந்துகளும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கப்பட வேண்டியவை என்பதால், படம் எடுத்துக்கொள்ள உரிய காலம் இதுவே.

சிறுநீரகத் தமனி மிகக் குறுகியிருந்தால், பலூன் கொண்டு அதனை விரித்துவிட்டு, அழுத்தம் கட்டுக்குள் வந்தபின் கருத்தரிக்கலாம் என்று கூறுவோம். பெருந்தமனியில் பெரிய வீக்கம், இதய வால்வில் கடுங்கசிவு, நுரையீரல் தமனியில் உயர் அழுத்தம், சிறுநீரகச் செயலில் பெருங்குறைவு ஆகியன இருப்பின், கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையோரிடம் "இப்போது வேண்டா" என்றோ, சிலரிடம் "கர்ப்பமே வேண்டா" என்றோ சொல்ல நேர்கிறது. கேட்பவர்க்கு அது எத்துணைத் துயரம் தரும் என்பதை நாங்கள் அறிவோம். கணவரும் உடனிருந்து காரணத்தைக் கேட்டறிய வேண்டும். குழந்தையின்மைக்குப் பெண்ணின் மீது பழிசுமத்தும் பேச்சுக்கு அங்கேயே முற்றுப்புள்ளி வைக்க வேண்டியவர் அவரே.

மருந்துகள்: தொடர்பவையும் மாறுபவையும்

கருவுற்றதை அறிந்தவுடன், "மாத்திரை எதுவும் குழந்தைக்கு ஆகாது" என்று எல்லாவற்றையும் ஒருங்கே நிறுத்திவிடுவோர் உண்டு. அன்பினால் செய்யப்படும் இச்செயல், நோயை மீண்டும் கிளப்பி, தாய்க்கும் சேய்க்கும் தீங்கிழைக்கக்கூடும். பிரெட்னிசோலோன் மாத்திரையை நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு போதாமல் மயக்கமும் அழுத்தக் குறைவும் நேரும்; உயிருக்கே ஆபத்தாகலாம்.

பொதுவாகத் தொடரக்கூடியவை: பிரெட்னிசோலோன், அசதியோபிரின், டாக்ரோலிமஸ். பிரெட்னிசோலோனின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடுகிறது. எனினும் தாய்க்குச் சர்க்கரையும் அழுத்தமும் உயரக்கூடும் என்பதால், இயன்றவரை குறைந்த அளவிலேயே தருகிறோம்.

முன்கூட்டியே மாற்றப்பட வேண்டியவை: மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு. இவை கருவின் உறுப்புகளைப் பாதிக்கலாம் அல்லது கருச்சிதைவை உண்டாக்கலாம். மைக்கோபினோலேட்டை நிறுத்திக் குறைந்தது ஆறு வாரங்களும், மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி ஒன்று முதல் மூன்று மாதங்களும் கழிய வேண்டும். மாற்று மருந்தில் நோய் அடங்கியிருக்கிறதா என்பதையும் அதற்குப்பின் பார்க்க வேண்டும். ஆறு மாதத் திட்டமிடல் என்று நாங்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

இரத்த அழுத்த மருந்துகளிலும் மாற்றம் வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவை கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அவற்றுக்கு மாற்றாக லாபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவற்றைத் தருகிறோம். அழுத்தத்தை 140/90க்குக் கீழே வைப்பது நோக்கம். ஆனால் மிகையாகவும் குறைத்துவிடலாகாது. குறுகிய கழுத்துத் தமனி வழியே மூளைக்கும், நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போதிய இரத்தம் சென்றாக வேண்டும்.

கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலமும், கர்ப்பத்தின் 12 முதல் 16 வாரங்களுக்குள் தொடங்கிக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் அறிவுறுத்தப்படும். பிரீ-எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பை ஆஸ்பிரின் குறைக்கிறது.

திட்டமிடாமல் கருவுற்றிருந்தால் அஞ்ச வேண்டா. மெத்தோட்ரெக்சேட் உட்கொள்பவர் அடுத்த வேளை மருந்தை எடுத்துக்கொள்ளாமல் அன்றே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். ஏனைய மருந்துகளை நீங்களாகவே நிறுத்தாமல், தாமதமின்றி நேரில் வாருங்கள்.

கர்ப்ப காலக் கண்காணிப்பு

மகப்பேறு மருத்துவரும், வாதநோய் மருத்துவரும், தேவைக்கேற்ப இதயநோய் மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் இணைந்தே இக்கர்ப்பத்தைக் கவனிக்க வேண்டும். வருகைதோறும் குறிக்கப்பட்ட உறுப்பில் அழுத்தமும், சிறுநீரில் புரதமும் பார்க்கப்படும். 18 முதல் 20 வாரங்களில் குழந்தையின் உறுப்புகளைக் காணும் ஸ்கேனும், 28ஆம் வாரத்திற்குப்பின் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வளர்ச்சியையும் இரத்த ஓட்டத்தையும் காணும் டாப்ளர் ஸ்கேனும் செய்யப்படும்.

கர்ப்ப காலத்தில் ஈ.எஸ்.ஆர். இயல்பாகவே உயரும். அதைக் கண்டு நோய் முற்றிவிட்டது என்று கலங்க வேண்டா. புதிதாகக் கைவலி, கழுத்துத் தமனியின் மேல் தொட்டால் வலி, காரணமற்ற காய்ச்சல் ஆகியன தோன்றினால் மட்டும் உடனே தெரிவியுங்கள்.

வீட்டில் கருவி வைத்திருப்போர், காலையும் மாலையும் ஐந்து நிமிடம் ஓய்வாக அமர்ந்தபின் குறிக்கப்பட்ட கையில் அளந்து, எந்தக் கை என்பதையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கையை எழுதாத அளவு எங்களுக்குப் பயன்படுவதில்லை.

தாய்வீட்டுக்குச் செல்லும்போது

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குச் செல்வது நம் வழக்கம். ஏழு மாதங்களாகக் கவனித்த மருத்துவரும் செவிலியரும் ஓர் ஊரில். பேறு நிகழவிருப்பதோ வேறோர் ஊரில். டகாயாசு நோயாளிக்கு மிகுந்த விழிப்புத் தேவைப்படும் காலத்திலேயே இந்த இடமாற்றம் நிகழ்கிறது. புதிய ஊரில் அழுத்தம் பார்ப்பவர் வழக்கம்போல் எட்டும் கையில் பட்டையைக் கட்டுவார். 110/70 என்று எழுதி, "நன்றாக இருக்கிறது" என அனுப்பிவிடுவார்.

எனவே தாய் சேய் நல அட்டையின் முதற்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் பின்வருவனவற்றை எழுதித் தருகிறோம். எழுதப்படாதிருந்தால் நீங்களே கேட்டுப் பெறுங்கள்:

- இவருக்கு டகாயாசு நோய் உண்டு.
- இரத்த அழுத்தம் அளக்க வேண்டிய உறுப்பு எது. அளக்கக்கூடாத உறுப்பு எது.
- இவருக்குரிய அழுத்த எல்லை.
- உட்கொள்ளும் மருந்துகளும் அளவும். ஸ்டீராய்டு எவ்வளவு காலமாக.
- அவசரத்தில் அழைக்க வேண்டிய மருத்துவப் பிரிவின் எண்.

தாயார், மாமியார், கணவர் ஆகிய மூவரும் "எந்தக் கை" என்பதை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். வலியாலோ மயக்கத்தாலோ நோயாளி பேச இயலாத நிலையில் அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. பேறு எந்த மருத்துவமனையில் என்பதையும் வளைகாப்புக்கு முன்னரே முடிவு செய்யுங்கள். அது தீவிர சிகிச்சைப் பிரிவும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உள்ள இடமாக இருத்தல் வேண்டும்.

பேற்றின்போது

டகாயாசு நோய் இருப்பதனாலேயே சிசேரியன் செய்ய வேண்டும் என்பதில்லை. அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் இயல்பான பேறு பெரும்பாலோர்க்கு இயலும். பேற்றுவலி அழுத்தத்தை உயர்த்தும் என்பதால், முதுகுத்தண்டு வழியே தரப்படும் எபிடூரல் வலிநீக்கம் நன்மை பயக்கும். தாய் நெடுநேரம் முக்கித் தள்ளாதிருக்க, இறுதிக் கட்டத்தில் வேக்கம் அல்லது ஃபோர்செப்ஸ் கொண்டு மருத்துவர் உதவலாம். பெருந்தமனி விரிவு, கட்டுப்படாத அழுத்தம், குழந்தையின் நிலை ஆகியவற்றைப் பொறுத்துச் சிலருக்குச் சிசேரியன் தேவைப்படும். நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர்க்கு அன்று ஊசி வழியே கூடுதல் ஸ்டீராய்டு தரப்படும். பேற்றுக்குப்பின் இரத்தப்போக்கை நிறுத்தப் பயன்படும் மெத்தில் எர்கோமெட்ரின் ஊசி அழுத்தத்தை உயர்த்துவதால், இவர்களுக்குத் தவிர்க்கப்பட்டு வேறு மருந்துகள் பயன்படுத்தப்படும்.

குழந்தை பிறந்த பின்

குழந்தை நலமாகப் பிறந்ததும் அனைவரின் கவனமும் குழந்தையின்பால் திரும்பிவிடுகிறது. ஆனால் பேற்றுக்குப்பின் வரும் முதல் வாரத்தில் தாயின் அழுத்தம் மீண்டும் உயரக்கூடும். பிரீ-எக்லாம்ப்சியா ஆறு வாரம் வரையிலும் தோன்றலாம். மருந்தும் அளவெடுப்பும் தொடர வேண்டும்.

பிரெட்னிசோலோன், அசதியோபிரின், எனலாப்ரில் ஆகியவற்றை உட்கொண்டே தாய்ப்பால் தரலாம். மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு உட்கொள்ளும்போது தரலாகாது.

இன்னொன்றையும் மறவாதீர்கள். கர்ப்பத்தின் பிற்பாதியில் இன்ஃப்ளிக்சிமாப் அல்லது அடலிமுமாப் ஊசி பெற்ற தாயின் குழந்தைக்கு, அம்மருந்து நஞ்சுக்கொடி வழியே சென்று சில மாதங்கள் உடலில் தங்கும். நம் நாட்டில் பி.சி.ஜி. தடுப்பூசி பிறந்தவுடனே போடப்படுகிறது. அது உயிருள்ள கிருமியைக் கொண்டது என்பதால், இக்குழந்தைகளுக்குப் பொதுவாக ஆறு மாதம் வரை தள்ளிவைக்க வேண்டும். தடுப்பூசி போடும் முன் செவிலியரிடம் இதனைக் கூறுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட சொட்டு மருந்துகளுக்கும் குழந்தைநல மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். ஏனைய தடுப்பூசிகளை உரிய காலத்தில் போடலாம்.

அடுத்த கர்ப்பத்திற்கு இடைவெளி தேவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அழுத்தத்தை உயர்த்தும். இரத்தம் உறைவதையும் தூண்டும். காப்பர்-டி போன்ற முறைகளே ஏற்றவை.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

கடுந்தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி அல்லது முதுகுவலி, மயக்கம், ஒருபக்கக் கைகால் தளர்ச்சி, வாய்குழறல், வலிப்பு, இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எதுவாயினும் காத்திராமல் 108 ஊர்தியை அழையுங்கள். கையில் அளந்த அழுத்தம் இயல்பாக இருக்கிறது என்பதற்காக இவ்வறிகுறிகளைப் புறக்கணிக்காதீர்கள். அளந்தது எந்தக் கை என்று முதலில் கேளுங்கள்.

திருமணம் ஆனவரோ, ஆகவிருப்பவரோ, இரண்டாவது குழந்தையை எண்ணுபவரோ, யாராயினும் அடுத்த வருகையின்போதே எங்களிடம் இதுபற்றிப் பேசத் தொடங்கலாம். பழைய ஸ்கேன் படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். இயன்றால் கணவரையும் உடன் அழைத்து வாருங்கள்.